நட்சத்திரம் பிளந்த நாச்சிமுத்து

ஏனுங்க, அந்த ஆபரேசன் ரூம் கதவு மேல சின்னதா ஒரு சேப்பு லைட்டு எரியுது பாருங்க, அது உங்க கண்ணுக்கு எத்தன தெரியுது? ரெண்டுங்களா? நெனச்சேனுங்க. நீங்க வந்து உக்காந்தப்பவே நெனச்சேன். நல்ல கண்ணுங்க உங்களுக்கு. அந்தக் கடைசி பெஞ்சுல துணைக்கு வந்த அம்மா ஒருத்தவங்க இருக்கறாங்கள்ல, அவங்களையும் கேட்டுப் பாத்தேன். ஒண்ணுதான் தெரியுதுன்னாங்க. பாவம், அவங்களக் குத்தஞ்சொல்லி என்ன பண்றது. எல்லாருத்துக்கும் அந்தக் குடுப்பினை வாய்ச்சுருமா.

எனக்கு வலது கண்ணுங்க. டாக்டர் மாத்திக் கீத்திப் பண்ணிரக்கூடாதுன்னு புருவத்துக்கு மேல பிளாஸ்திரி ஒட்டி வுட்டிருக்காங்க. உங்களுக்கும் வலதுதானா? சொட்டு மருந்து வுட்டாச்சுங்களா? வுட்டா கொஞ்ச நேரம் எல்லாம் கலங்கலா இருக்கும், பயந்துக்காதீங்க.

நான் தாராபுரமுங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கேன். கெணத்து மோட்டாரு, போர் மோட்டாரு, மிக்சி மோட்டாரு, எதுல காயில் பொகைஞ்சாலும் நம்ம கடைக்குத்தான் வரும். பேரு நாச்சிமுத்து. எங்கூருல வந்து நாச்சிமுத்துன்னு கேட்டீங்கன்னா எந்த நாச்சிமுத்தும்பாங்க. நட்சத்திரம் பிளந்த நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாருங்க, சின்னக் கொழந்தை கூட கையப் புடிச்சுக் கூட்டியாந்து வுடும்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். இப்ப நான் அந்த ரூமுக்குள்ள போயி வந்தாத்தான் எம் மச்சான் மகளுக்குக் கல்யாணம் நடக்கும். போயி வந்தா எம் பேரு போயிரும். இதுதான் சமாச்சாரம். எங்கூட்டுக்காரி டீ வாங்கப் போயிருக்கறா, வந்தான்னா பேச வுடமாட்டா. அவ வர்றதுக்குள்ள சொல்லிப்புடறேன்.

எம் மச்சான் கிட்டுசாமின்னு பேரு. எங்கூட்டுக்காரி மயிலாத்தாளுக்கு அண்ணன். எங்க தெருவுலயே மாட்டுத் தீவனக் கடை வெச்சிருக்கறாரு. நல்ல மனுசன்தான், ஆனா எதுலயும் தான்தான் மொதல்ல நிக்கோணும். எங்களுக்குள்ள இது கல்யாணம் ஆன நாள்லருந்து நடக்குது. அவரு மாடிக்குக் கைப்புடிச் சுவரு வெச்சா நான் ஒரு கல்லு ஒசத்தி வெப்பேன். அவரு போர் போட்டா நான் அதவிட ஆழமாப் போடுவேன். தண்ணி வரல, அது வேற விசயம்.

அந்த மனுசன் போன தை மாசம் கோயமுத்தூர் போயி ஒரு டெலஸ்கோப்பு வாங்கிட்டு வந்துட்டாரு. பாக்கறதுக்கு வெள்ளையா, பளபளன்னு, மூணு காலு வெச்சு. தெருவே போயி எட்டிப் பாக்குது. எனக்குச் சோறு எறங்குமுங்களா? புஸ்தகத்தப் பாத்து, நாலு பேரக் கேட்டு, நானே ஒண்ணு செஞ்சேன். போருக்கு எறக்கின பைப்புல மிச்சம் ஒரு துண்டு கெடந்துது. அடியில வெக்கற குழிக் கண்ணாடிய மட்டும் வெளியிலருந்து தருவிச்சேன். திருப்பறதுக்குப் பழைய மோட்டார் பேரிங்கு ரெண்டு. மச்சானோடது மேல ஈ உக்காந்தா ஆடும். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, நம்மளது அசையாதுங்க.

அப்புறம் என்ன, தெனமும் பொழுதோட வெளக்கு வெச்ச ஒடனே நாங்க ரெண்டு பேரும் எம் மாடியிலதான். நெலாவப் பாத்தோம், வியாழனப் பாத்தோம். அது எல்லாரும் பாக்கறதுதானே. மச்சான்தான் புஸ்தகத்துல படிச்சுட்டு வந்து இந்த எரட்டை நட்சத்திரத்தப் பத்திச் சொன்னாரு. வெறுங்கண்ணுக்கு ஒண்ணாத் தெரியற நட்சத்திரத்துல நெறைய ஒண்ணே இல்லீங்களாம். ரெண்டு நட்சத்திரம் பக்கத்துப் பக்கத்துல ஒண்டிக்கிட்டு இருக்குமாம். ஒண்ண ஒண்ணு சுத்தி வருமாம். டெலஸ்கோப்புல பாத்தாத்தான் பிரியும். அப்படிப் பிரிச்சுப் பாக்கறதுதான் இந்த ஆட்டத்துல பெரிய வித்தை. நாங்க அதப் பிளக்கறதும்போம். கண்ணு நல்லா இருக்கறவனாலதான் பிளக்க முடியும்.

பங்குனி மாசமுங்க. உச்சியில புனர்பூசம் நின்னுது. அதுல வடக்கால இருக்கற வெள்ளை நட்சத்திரத்துக்கு மச்சான் டெலஸ்கோப்பத் திருப்பினாரு. பாத்துட்டு, "மாப்ள, அருமையா ரெண்டு தெரியுது. நீங்க கண்ண வெச்சுப் பாருங்க. பழக்கமில்லீன்னா தெரியாது, பொறுமையாப் பாருங்க"ன்னாரு. எப்படிச் சொன்னாரு பாத்தீங்களா, பழக்கமில்லீன்னா தெரியாதாம். நான் கண்ண வெச்சேன். நாலு தெரிஞ்சுது.

"மச்சான், நாலு இருக்குது"ன்னேன்.

"நாலா? நல்லாப் பாருங்க மாப்ள, ரெண்டுதான்."

"நீங்க நல்லாப் பாருங்க மச்சான். பழக்கமில்லீன்னா தெரியாது"ன்னேன்.

அன்னைக்கு அவரு வெடுக்குன்னு எறங்கிப் போயிட்டாரு. அப்புறம் புஸ்தகத்த எடுத்துப் பாத்தா, அந்த நட்சத்திரத்துல நெசமாலுமே ஆறு இருக்குதுங்களாம். ரெண்டுதான் டெலஸ்கோப்புல தெரியும், மத்தது வேற மெசினு வெச்சுக் கண்டுபுடிச்சதுன்னு எழுதியிருந்துது. நீங்களே சொல்லுங்க, ஆறு இருக்கற எடத்துல ரெண்டு பாத்தவன் கெட்டிக்காரனா, நாலு பாத்தவன் கெட்டிக்காரனா?

அதுக்கப்புறம் நான் கண்ண வெச்சுப் பிளக்காத நட்சத்திரம் இல்லீங்க. மச்சான் ஒண்ணும்பாரு, நான் ரெண்டும்பேன். எனக்கே ஆச்சரியம்தான். இத்தன வருசம் இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு வெறும் செம்புக் கம்பியப் பாத்துட்டிருந்துட்டேனேன்னு. கம்பியும் இப்பெல்லாம் சரியா வர்றதில்லீங்க. நான் கட்டின மோட்டாரு ஒரு வருசமாப் பொகைஞ்சு பொகைஞ்சு திரும்பி வருது. கம்பிச் சுத்துக் கணக்கு மாறிப் போச்சுங்கறாங்க. கம்பியில கலப்படம், வேறென்ன.

நாட்டுல எல்லாமே ஊதாரித்தனமாப் போச்சு. எங்கூருக்குக் கெழக்கால காத்தாலை நெறைய நிக்குது. ஒவ்வொண்ணு உச்சியிலயும் ரெண்டு ரெண்டு சேப்பு லைட்டு. ஒண்ணு போதாதா? அந்தக் கம்பெனிக்காரங்களப் பாத்து நேர்லயே கேட்டேன். அவங்க ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. எதுக்க வர்ற பைக்குலயும் இப்ப ரெண்டு லைட்டு வெச்சுட்டாங்க, காருன்னு நெனச்சு ரெண்டு தடவ ஓரங்கட்டிக் குழியில எறக்கிட்டேன். மயிலாத்தா வண்டிச் சாவிய எடுத்து அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டா. லைட்டு வெச்சவன வுட்டுட்டு எம்மேல கோவிச்சு என்ன பண்றது?

இப்பத்தான் முக்கியமான எடம். சித்திரை மாசம் பொழுதோட கெழக்கால ஒரு நட்சத்திரம் வருமுங்க, செவந்த மஞ்சளா, தனியாளா, ஜொலிச்சுக்கிட்டு. அதுதான் சுவாதி. புஸ்தகம் எல்லாம் அத ஒத்த நட்சத்திரம்னுதான் போட்டிருக்கறான். நான் கண்ண வெச்சேன். பெருசு ஒண்ணு. அதுக்குக் கீழால வலது பக்கம் ஒட்டிக்கிட்டு, மங்கலாச் சின்னது ஒண்ணு. எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு. உலகத்துல ஒருத்தனும் பாக்காதத, தாராபுரத்துல மோட்டார் காயில் கட்டறவன் பாத்துட்டான்.

மச்சான் பாத்தாரு. ஒண்ணுதான்னாரு. உங்க டெலஸ்கோப்புல கண்ணாடி கோணலா இருக்கும் மாப்ளன்னாரு. சரின்னு அவரோடத எடுத்தாரச் சொல்லி அதுலயும் பாத்தேன். அதுலயும் எனக்கு ரெண்டு. அப்புறம் அவரே ரெண்டுலயும் மாறி மாறிப் பாத்தாரு. அவருக்கு ரெண்டுலயும் ஒண்ணுதான். அப்பக் கோளாறு டெலஸ்கோப்புல இல்லீன்னு ஆயிப்போச்சுங்களா? மிச்சம் இருக்கறது யாரு? நான் மச்சான் மொகத்தப் பாத்தேன். வயசாகுது, பாவம்னு வுட்டுட்டேன்.

சேதி எப்படியோ டீக்கடைக்குப் போயிருச்சு. எப்படியோன்னா, நான்தான் சொன்னேன். பிளக்ஸ் அடிக்கற கடைக்காரன் நமக்கு வாடிக்கை. அவனாப் பிரியப்பட்டு ஒரு பிளக்ஸ் அடிச்சுப் பஸ் ஸ்டாண்டு முக்குல கட்டி வுட்டான். 'நட்சத்திரம் பிளந்த நாச்சிமுத்து'ன்னு கொட்டை எழுத்துல. பக்கத்துல எம் போட்டோ. டெலஸ்கோப்பு படம் கெடைக்கலீன்னு ராக்கெட்டு படத்தப் போட்டுட்டான், அது ஒண்ணுதான் கொறை.

நீங்க நெனக்கலாம், ஒரு பிளக்ஸுக்கு இந்த ஆட்டமான்னு. எத்தன வருசமா அந்த மூலையில குனிஞ்சு உக்காந்து காயில் கட்டிட்டிருக்கேன். ஒருத்தன் நின்னு எம் மொகத்தப் பாத்துப் பேசினதில்லீங்க. மோட்டாரு ஆச்சான்னு கேப்பான், போயிருவான். இந்தச் சித்திரை, வைகாசியிலதான் மனுசங்க வந்து, "ஏனுங்ணா, எது சுவாதி?"ன்னு கேட்டாங்க. கையக் காட்டுவேன். ஊரு பூரா தரையப் பாத்து நடக்கற சனம், எங் கைக்கு நேரா மேல பாத்துது. அது எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துதுங்க. மறைச்சு என்ன ஆகப்போகுது.

எம் மச்சான் மக கோகிலாவப் பத்திச் சொல்லோணும். எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. கோகிலா பாதி நாளு எங்கூட்டுலதான் வளந்தா. இப்ப இதே ஆஸ்பத்திரியில கண்ணு டெஸ்ட் பண்ற வேலை பாக்கறா. வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் போறாளே ஒல்லியா ஒரு புள்ள, அவதான். லீவுக்கு வந்தவ மாடிக்கு வந்தா. சுவாதியக் காட்டினேன். ஒண்ணுதான் தெரியுது மாமான்னா. அவளும் கண்ணாடி போட்டவதானே. வுட்டுட்டேன். அப்புறம், "மாமா, நீங்க பாருங்க. சின்ன நட்சத்திரம் எந்தப் பக்கம் இருக்குது?"ன்னு கேட்டா.

"கீழால, வலது பக்கம்."

"கண்ண எடுக்காம தலைய மட்டும் அப்படியே இடது தோள் பக்கம் சாயுங்க. இப்ப எங்க இருக்குது?"

சாஞ்சேன். பாத்தா, அந்தச் சின்னது எடம் மாறி நிக்குது. வலது பக்கம் சாயச் சொன்னா. சாஞ்சேன். அது இந்தப் பக்கமா வந்துருச்சு. புனர்பூசத்து நட்சத்திரம் ஒரு சுத்து சுத்தி வர நானூறு வருசத்துக்கு மேல ஆகும்னு படிச்சிருக்கேன். சுவாதியோட குட்டி நான் தலையச் சாய்க்கறதுக்குள்ள சுத்தி வருது. வேகத்தப் பாருங்க. மறுநாளே பிளக்ஸ்காரன்கிட்டப் போயி, சுத்தறதையும் சேத்துக்கச் சொல்லிட்டேன்.

கோகிலா சிரிக்கல. எங் கையப் புடிச்சுக்கிட்டு, "மாமா, ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போங்களேன், சும்மா"ன்னா. அங்க டெலஸ்கோப்பு இருக்குதா கண்ணுன்னு கேட்டேன். இல்லீன்னா. அப்புறம் எதுக்குன்னு நான் போகல.

அந்தச் சமயத்துலதான் அவளுக்கு ஒரு எடம் கூடி வந்துது. காங்கேயத்துல ஆறுக்குட்டின்னு ஒருத்தர், எண்ணெய் செக்கு வெச்சிருக்கறாரு. பையன் காத்தாலையில ஏறி மெசினு பாக்கற வேலை. கோகிலாவும் அந்தப் பையனும் ஏற்கெனவே பேசிப் பழகினவங்கதான், பெரியவங்களுக்குத் தெரியாத மாதிரி வெச்சிருந்தாங்க. பெரியவங்களும் தெரியாத மாதிரியே ஜாதகம் பாத்தாங்க. நல்லாப் பொருந்துச்சு. உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் பண்ண நாளும் குறிச்சாச்சு. கோகிலா என்ன நட்சத்திரங்கறீங்க? சுவாதி.

நாள் குறிச்சுட்டு ஆறுக்குட்டி எங்கூருல பஸ் ஏறப் போயிருக்கறாரு. பஸ் ஸ்டாண்டு முக்குல எம் பிளக்ஸு. கீழ இருந்த பொடி எழுத்தையும் வுடாமப் படிச்சிருக்கறாரு. 'சுவாதி ஒன்றல்ல, இரண்டு.' நேரா ஜோசியகாரர்கிட்டப் போயிட்டாரு. ஜோசியகாரரும் பஞ்சாங்கத்தப் பொரட்டிட்டு, "அப்பப் பொண்ணு பெரிய சுவாதியா, சின்ன சுவாதியா?"ன்னு கேட்டு வெச்சுட்டாரு. அத்தோட நிறுத்தியிருக்கலாம். ரெட்டை நட்சத்திரத்துல பொறந்த பொண்ணுன்னா வாழ்க்கையும் ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு கல்யாணம் ஆகுமோ என்னமோன்னும் சொல்லிட்டாரு. ஆறுக்குட்டி நடுங்கிப் போயி, கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாம்னு ஆள் சொல்லி வுட்டாரு.

மச்சான் எங்கூட்டுக்கு ஓடியாந்தாரு. வாழ்க்கையில மொத தடவையா எங்கிட்டக் கெஞ்சினாரு. "மாப்ள, சுவாதி ஒண்ணுதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. புள்ள அழுதுட்டே இருக்கறா."

"கண்ணால பாத்தத இல்லீன்னு எப்படி மச்சான் சொல்றது?"ன்னேன்.

"எந் தங்கச்சியக் கட்டினப்ப, பட்டப்பகல்ல ஐயரு கூரையக் காட்டி அருந்ததி தெரியுதான்னு கேட்டாரு. தெரியுதுன்னு தலையாட்டினீங்கள்ல? பாக்காததப் பாத்தேன்னு சொல்ல அப்ப வாய் வந்துது. பாத்தத இப்பப் பாக்கலீன்னு சொன்னா என்ன?"

நல்ல கேள்விதான். ஆனா அப்ப நான் வெறும் மாப்பிள்ளை. இப்ப வானம் பாக்கறவன். முடியாதுன்னுட்டேன். மயிலாத்தா உள்ள இருந்து, "தான் புடிச்ச மொசலுக்கு மூணே காலுன்னு நிக்கறவருகிட்ட என்ன பேச்சு, நீ போண்ணா"ன்னா. அன்னையிலருந்து எங்கூட்டுல கொழம்புல உப்பு இல்லீங்க. கேட்டா, உங்களுக்குத்தான் எல்லாம் ரெண்டு மடங்காத் தெரியுமே, உப்பும் தெரியும், சாப்புடுங்கங்கறா.

ஆறுக்குட்டியும் லேசுப்பட்ட ஆளில்ல. கண்ணால காண்பதும் பொய், காதால கேட்பதும் பொய், தீர விசாரிக்கறதே மெய்னு சொல்லிக்கிட்டு, ஆனியில ஒரு நாள் பொழுதோட அவரே கெளம்பி எம் மாடிக்கு வந்துட்டாரு. பின்னாலயே மச்சான், மயிலாத்தா, கோகிலா. மச்சானுக்கு ஒரே சந்தோசம். வேத்தாளு வந்து பாத்தா உண்மை வெளங்கிருமேன்னு. ஆறுக்குட்டி செருப்பக் கழட்டி வெச்சு, கும்புட்டுட்டு, கண்ண வெச்சாரு.

"ரெண்டு இருக்குதுங்க"ன்னாரு.

எனக்கு வந்த சந்தோசத்துக்கு அவரத் தூக்கிச் சுத்தியிருப்பேன். என்ன கண்ணு, என்ன கண்ணு. மச்சான் தண்ணித் தொட்டி மேல அப்படியே உக்காந்துட்டாரு. நான் மச்சானப் பாத்துட்டு, மயிலாத்தாளப் பாத்துட்டு, கடைசியாக் கோகிலாவப் பாத்தேன். அந்தப் புள்ள மொகத்துல ரத்தமே இல்லீங்க. எனக்கு வந்த சந்தோசம் பாதியிலயே நின்னு போச்சு. ஆறுக்குட்டியத் தூக்க நீட்டின கைய எறக்கிட்டேன்.

ஆனா அவ அழுகலீங்க. ஆறுக்குட்டிகிட்டப் போயி, "தலையச் சாச்சுப் பாருங்க"ன்னா. அவரும் சாச்சாரு. "ஆமா கண்ணு, சுத்துது"ன்னாரு. அவ அப்படியே கைப்புடிச் சுவரு மேல சாஞ்சுக்கிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சா. சிரிச்சு முடிச்சுட்டு, எங்க ரெண்டு பேரையும் நிக்க வெச்சுச் சொன்னா. "ரெண்டு பேருக்கும் கண்ணுல பொரை இருக்குது. வெளிச்சம் ரெண்டாப் பிரியுது. நட்சத்திரத்துல இருந்தா தலையச் சாச்சாலும் அது அங்கயேதான நிக்கும். உங்க தலையோட சேந்து சுத்துனா அது உங்க கண்ணுலதான இருக்குது. ரெண்டு பேரும் ஆபரேசன் பண்ணிக்கிட்டு வந்து மறுபடி பாருங்க. அப்பவும் ரெண்டு தெரிஞ்சா, நானே இந்தக் கல்யாணம் வேண்டாங்கறேன்."

மச்சான் அவ வாயப் பொத்தப் போனாரு. சொன்னது சொன்னதுதான்னுட்டா. தைரியத்தப் பாருங்க, அப்படியே என்னைய மாதிரி.

ஆடி பொறந்ததும் ஆறுக்குட்டி மொதல்ல பண்ணிக்கிட்டாரு. போன வாரம் மாடிக்கு வந்து கண்ண வெச்சாரு. "ஒண்ணுதானுங்க"ன்னாரு. அநியாயத்தப் பாருங்க, நல்லாப் பாத்துட்டிருந்த மனுசன். கத்தி வெச்சு இருந்த தெறமையப் புடுங்கி வுட்டுட்டாங்க. அதுக்கு அவரு கோகிலாவக் கும்புட்டு, நன்றி வேற சொல்றாரு. ஆனா மனுசன் ஒரு வார்த்தையும் சேத்துச் சொன்னாரு. "எனக்குத் தெளிஞ்சுருச்சு. இருந்தாலும் ரெண்டுன்னு ஊருக்குச் சொன்னது நாச்சிமுத்தண்ணன். ஒண்ணுன்னும் அவரு வாயாலயே வரட்டும். எங்க சனமும் வாயடங்கும். அன்னைக்கே உப்புச் சக்கரை மாத்திக்கலாம், ஆவணியில முகூர்த்தம்."

இப்பத் தெரியுதுங்களா, நான் எங்க மாட்டியிருக்கேன்னு?

கோகிலா கடைக்கு வந்தா. கம்பிச் சுருள எடுத்து ஓரமா வெச்சுட்டு எம் பக்கத்துல உக்காந்தா. "மாமா, எனக்காகப் பொய் சொல்லாதீங்க. ஆபரேசன் பண்ணிக்கங்க. பண்ணிக்கிட்டு, என்ன தெரியுதோ அதச் சொல்லுங்க. எனக்கு அது போதும்"னா. நான் கேட்டேன், அந்தப் பையன அவ்வளவு புடிக்குமா கண்ணுன்னு. "ரொம்பப் புடிக்கும் மாமா"ன்னா. அதச் சொல்லிட்டு, ஓரமா வெச்ச கம்பிச் சுருள எடுத்து மறுபடி எங் கையில குடுத்தா. அன்னைக்கே மயிலாத்தாகிட்ட, ஆஸ்பத்திரிக்குப் போகத் துணியெல்லாம் எடுத்து வெக்கச் சொல்லிட்டேன்.

பிளக்ஸக் கழட்டியாச்சுங்க. கடை மேக்கூரையில மழைக்கு ஒழுகற எடம் ஒண்ணு இருந்துது, அங்க விரிச்சுக் கட்டிட்டேன். எழுத்து உள்பக்கம் இருக்கற மாதிரிதான். காயில் கட்டையில அண்ணாந்து பாத்தா எம் பேரு தெரியும்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், நீங்க வெளியூரு, யாருகிட்டயும் போயிச் சொல்ல மாட்டீங்க. ராத்திரியெல்லாம் படுத்து யோசிச்சேன். கண்ணுக் கட்ட அவுத்துட்டு மாடிக்குப் போயி கண்ண வெக்கையில ஒண்ணு தெரிஞ்சுதுன்னா ஒண்ணுன்னு சொல்லிருவேன். ரெண்டு தெரிஞ்சாலும் ஒண்ணுன்னுதான் சொல்லப்போறேன். பொய் சொல்லாதீங்கன்னா அவ. சின்னப் புள்ள, அவளுக்கு என்ன தெரியும். சுவாதிக்கு ரெண்டாவது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, அது இத்தன காலமா யாருஞ் சொல்லாமயே சுத்திட்டு இருந்துதுங்க. கோகிலாவுக்கு அப்படியா? அவளுக்கு நான் சொன்னாத்தான் ஆகும். மச்சானுக்கு மட்டும் இது தெரியக்கூடாது, அப்புறம் சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு.

எனக்குப் பயம் அது இல்லீங்க. நெசமாலுமே ஒண்ணு தெரிஞ்சுட்டா? அப்ப நான் வெறும் காயில் கட்டறவன்தான்னு ஆயிருமே. அதுதான் மனசுல கெடந்து அறுக்குது. அதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சு வெச்சிருக்கேன். கிட்ட வாங்க, சொல்றேன்.

இடது கண்ணுலயும் பொரை இருக்குதாம். வலது ஆறினதும் அதையும் பண்ணிரலாம் மாமாங்கறா. நான் சரி சரின்னு தலையாட்டி வெச்சிருக்கேன். ஆனா குடுக்கமாட்டேனுங்க. கல்யாணம் ஆகட்டும், அதுக்கப்புறம் மூட்டு வலிம்பேன், சக்கரைம்பேன், நாள் நல்லால்லம்பேன். வலது கண்ணு கோகிலா கல்யாணத்துக்கு. இடது கண்ணு எனக்கு. அடுத்த சித்திரையில, யாரும் இல்லாதப்ப மாடிக்குப் போயி, வலது கண்ண மூடிக்கிட்டு ஒரே ஒரு தடவ பாத்துக்குவேன். அது அங்கயேதான் இருக்கும்.

இதா, கோகிலா வந்துட்டா. என்னையத்தான் கூப்புடறா.

வர்றேன் கண்ணு, வர்றேன். என்னத்தப் பேசப் போறேன், சும்மா இவிய ஊருல மழை எப்படின்னு கேட்டுட்டிருந்தேன். கையக் குடு, சொட்டு மருந்துல தரை தெரியமாட்டேங்குது. பயமா? எனக்கென்ன பயம். நீ கூடவே உள்ள இருப்பியல்ல, அது போதும்.

ஏனுங்க, நான் போயிட்டு வர்றேன். நீங்களும் ரெண்டையும் குடுத்துறாதீங்க. ஒண்ண வெச்சுக்கங்க.